மக்ரோவும் திறவாக் கோப்பும்

பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், இறுப்பிட்டி

விழா மலர் தொகுப்போர் இக்காலத்திலே கையெழுத்துப் படிகளைக் கட்டியெடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குச் செல்வதில்லை. கட்டுரைகள் யாவும் கணினிக் கோப்புகளாகவே வந்து சேர்கின்றன. ரொறன்ரோவிலிருந்து சில, இலண்டனிலிருந்து சில, பாரிசிலிருந்து சில, புங்குடுதீவிலிருந்தே சில என வருவனவற்றை ஒரு மலராகக் கோத்தற்கு வேர்ட் என்னும் சொல்முறை வழிப்படுத்தற் செய்நிரலினுள் அமைந்த மக்ரோ என்னுங் கருவி பெரிதும் உதவுகின்றது. ஆயின், அக்கருவி இடையிலே நின்று, ஓர் எண்ணைக் காட்டி, மேற்செல்ல மறுக்குங்கால் பலரும் திகைக்கின்றனர். சிலர் அவ்வெண்ணையே தோன்றாவண்ணம் மறைத்துவிடுகின்றனர். இவ்விரண்டாவது செயலே பெருங்கேடு விளைப்பது. அதனை விளக்குதற்கு முன் சில அடிப்படைகளைக் கூறுதல் வேண்டும்.

மக்ரோ என்பது யாது? நாம் விசைப்பலகையிற் பன்முறை செய்யவேண்டிய வேலையை, ஒருமுறை எழுதிவைத்த கட்டளைத் தொடரால் கணினியைக்கொண்டே செய்வித்தல். வேர்ட் 97 வெளிவந்த காலந்தொட்டு இக்கட்டளைகள் விசுவல் பேசிக் என்னும் மொழியின் ஒரு வகையால் எழுதப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலன மக்ரோவின் கையில் ஏற்கெனவே உள்ள பொருளின்மீது தொழிற்படுவன. கோப்பைத் திறத்தல் என்னும் கட்டளையோ வெளியே சென்று ஒரு பொருளைத் தேடிக் கொணர்வது. தேடப்புகுந்த இடத்திலே பொருள் இல்லாதிருக்கலாம். இருந்தும் வேறொருவர் கையில் இருக்கலாம். இருந்தும் நாம் கூறிய பெயர் அதன் பெயராகாதிருக்கலாம். ஆதலின் பிழைகளிற் பெரும்பங்கு இக்கட்டளையிலேயே நேர்கின்றது.

பிழை நேர்ந்தவிடத்துத் தோன்றும் எண்களை மாணாக்கர் வசை என எண்ணலாகாது, அவை வழிகாட்டிகள். 53 என்பது கோப்பு அகப்படவில்லை என்பது. 76 என்பது கோப்புக்குச் செல்லும் பாதையே அகப்படவில்லை என்பது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னையது வீட்டைக் கண்டு ஆளைக் காணாமை, பின்னையது வீதியையே காணாமை. 52 என்பது நாம் கொடுத்த பெயர் ஒரு கோப்புப் பெயராதற்கே தகுதியற்றது என்பது. 55, கோப்பு முன்னரே திறந்து கிடக்கின்றது என்பது. திறந்த கோப்பை மூடாது விட்ட மக்ரோவை மறுமுறை இயக்குவோர் இதனைக் காண்பர். 70, அனுமதி இல்லை என்பது; பெரும்பாலும் அக்கோப்பை வேறொரு சாளரத்திலோ வேறொரு கணினியிலோ ஒருவர் திறந்து வைத்திருப்பார். வேர்ட் தன் வாயாலேயே கோப்பைக் காணோம் என்று கூறும்போது 5174 என்னும் எண் தோன்றும்.

பாதையிற் பிழை நேர்தற்குக் காரணங்கள் எளியன. வெளிநாட்டு அன்பர் ஒருவர் எழுதியனுப்பிய மக்ரோவிலே அவருடைய கணினியின் பயனர் பெயரோடு கூடிய முழுப் பாதையும் கிடக்கும். அஃது ஊர்க் கணினியில் இல்லாத பாதையாதலின் 76 தோன்றுதல் இயல்பே. பென் டிரைவ் ஒன்றுக்கு நேற்று ஈ என்னும் எழுத்தை வழங்கிய கணினி இன்று எஃப் என்னும் எழுத்தை வழங்கும். கோப்பின் பெயர் ஈற்றை விண்டோஸ் மறைத்துக் காட்டுவதால், கண்ணுக்கு ஒரு பெயராயும் கணினிக்கு வேறொரு பெயராயும் கோப்பு இருக்கும்; ஈற்றைக் காட்டுமாறு அமைத்துக்கொண்டால் இத்தொல்லை ஒழியும். இனி, கோப்புறையின் பெயரையும் கோப்பின் பெயரையும் இணைக்குமிடத்து நடுவே பின்சாய்கோடு இடாது விடுவோர் பலர். நிலைமொழி ஈற்றுக்கும் வருமொழி முதலுக்கும் இடையே தோன்றவேண்டியது தோன்றாவிடின் புணர்ச்சி கெடுதல்போல, மலர் என்னும் கோப்புறையும் வாழ்த்து என்னும் கோப்பும் இணைந்து மலர்வாழ்த்து என்னும், உலகில் இல்லாத ஒரு கோப்பாகிவிடும். மக்ரோ உள்ள ஆவணத்தின் பாதையை அம்மக்ரோவையே கேட்டுப் பெற்று, அதனோடு சாய்கோட்டையும் சேர்த்தலே தக்கது. ஆவணங்களை ஒன்டிரைவ் என்னும் இணையக் களஞ்சியத்தோடு இணைத்து வைத்திருப்போர்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அங்ஙனங் கேட்டுப் பெறும் பாதை இணைய முகவரியாக வருதலுண்டு, அதனை டிர் என்னும் பழைய கட்டளைக்குக் கொடுப்பின் 52 தோன்றும்.

இவை எம்மொழியினர்க்கும் பொதுவான பிழைகள். தமிழர்க்கே சிறப்பாக உரியதொன்று உண்டு. ஆங்கில நூல்களைப் படித்து மக்ரோ எழுதுவோர் அதனை எளிதிற் காணார்.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991 இல் வெளிவந்தபோதே தமிழும் அதில் இடம்பெற்றது. புங்குடுதீவு மக்கள் பெருந்தொகையினராய் ஊரைவிட்டு இடம்பெயர்ந்ததும் அவ்வாண்டிலேயே. அங்ஙனம் பல நாடுகளிற் சிதறியவர் எழுதுவன இன்று ஒரே எழுத்து முறையில் ஊருக்குத் திரும்பி வருவதற்கு ஒருங்குறியே வழிசெய்தது. ஆயின் விசுவல் பேசிக் மொழியின் பழைய பகுதிகள் அதற்கு முந்திய முறையிலேயே நின்றுவிட்டன. அம்முறையில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி எழுத்துப் பட்டியல் வேண்டும். தாய்லாந்து மொழிக்கு 874 என்னும் பட்டியல் உண்டு. மேலை ஐரோப்பிய மொழிகளுக்கு 1252 உண்டு. விண்டோஸ் தமிழுக்கு ஒருங்குறி மூலமே இடமளித்தது. அப்பழைய வரிசையிலே தமிழுக்கெனப் பட்டியல் அமைக்கப்படவில்லை. ஆதலின் டிர் என்னும் கட்டளை ஒரு கோப்புறையிலுள்ள பெயர்களைக் கொணரும்போது தமிழெழுத்து ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக மாற்றியே கொணர்கின்றது. மக்ரோ எழுதும் பலகையிலே தமிழ்ப்பெயரைத் தட்டெழுதினும் ஒட்டினும் அங்கும் கேள்விக்குறிகளே நிற்கும்.

எமது ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். இறுப்பிட்டி என்பதில் இலக்கணநூலார் எண்ணும் எழுத்துக்கள் ஆறு. கணினியோ உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் அதற்கு இப்பெயர் பதினொன்று. ஆகவே இறுப்பிட்டி என்னும் கோப்பு டிர் கட்டளையின் வழியாகப் பதினொரு கேள்விக்குறிகளாக வெளிவரும். அவ்வாறு வந்ததைத் திறக்குமாறு வேர்டுக்குக் கொடுத்தால் அது திறக்குமா?

இதனினும் பொல்லாதது ஒன்றுண்டு. கேள்விக்குறி என்பது கோப்புத் தேடுங்கால் எவ்வெழுத்துக்கும் பொருந்துங் குறியாகக் கொள்ளப்படுவது. எனவே, கோப்பு உளதா எனப் பார்த்துவிட்டுத் திறப்போம் என்று முன்னெச்சரிக்கையுடன் எழுதப்பட்ட மக்ரோவும் ஏமாறும். பதினொரு கேள்விக்குறிப் பெயரில் ஒரு கோப்பு உளதா என்று வினவினால் உளது என்றே விடை வரும். திறக்கப்புகின் இல்லை என்று வரும். பழைய படியை அழித்துப் புதியதை வைக்கும் மக்ரோவாயின் நிலைமை இன்னும் மோசம். கில் என்னும் அழிக்குங் கட்டளையும் கேள்விக்குறியை அவ்வாறே பொருள்கொள்வதால், அப்பெயர் நீளத்துக்குப் பொருந்திய வேறு ஆங்கிலப் பெயர்க் கோப்புகள் அழியக்கூடும். தமிழ்ப்பெயர்க் கோப்புகள் உள்ள கோப்புறையிலே கில் கட்டளையை யாரும் பயன்படுத்தலாகாது என்பது எமது துணிபு.

பிழை எங்கே புகுந்தது என்பதை அறிய விரும்புவோர் பெயரைத் திரையிலே ஒரு சிறு பெட்டியிற் காட்டிப் பார்ப்பது வழக்கம். தமிழுக்கு அவ்வழி உதவாது. அப்பெட்டியும் பழைய முறையைச் சார்ந்ததாதலின், நினைவில் உள்ள பெயர் செம்மையாக இருப்பினும் கேள்விக்குறிகளையே காட்டும். எண்ணைக் கேட்பதே தகுதி. அஸ்க்டபிள்யூ என்னும் சார்பு ஓரெழுத்தின் எண்ணைக் கூறும். இறுப்பிட்டியின் முதலெழுத்துக்கு 2951 என்று வந்தால் இகரம் இகரமாகவே இருக்கின்றது. 63 என்று வந்தால் அது கேள்விக்குறியாகிவிட்டது. பெயர் இவ்விடத்துக்கு வருமுன்னரே கெட்டுவிட்டது என்க. பெயரைக் கண்ணாற் காணவே வேண்டுமெனின் ஒரு வெற்று வேர்ட் ஆவணத்திலே அதனை எழுதச் செய்து பார்க்கலாம். ஆவணம் ஒருங்குறியை அறியும்.

பரிகாரம் யாதெனின், கோப்புறையைப் பார்வையிடும் வேலையை டிர் கட்டளையிடமிருந்து நீக்கி, ஃபைல் சிஸ்டம் ஒப்ஜெக்ட் எனப்படும் கருவியிடம் ஒப்படைத்தல். அது தமிழ்ப் பெயர்களைப் பிசகின்றித் தரும். வேர்டின் திறக்குங் கட்டளையும் ஒருங்குறியை ஏற்பதாதலின் இரண்டும் ஒத்து நடக்கும். இக்கருவி விண்டோசுக்கே உரியது. அப்பிள் கணினியில் இல்லை. ஒரு நுணுக்கம்: டிர் கட்டளை மறைகோப்புகளை விட்டுச் செல்லும், இக்கருவி விடாது. ஒருவர் ஓர் ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கும்போது அலைக்கோடும் டொலர்க் குறியும் முன்னே நிற்கும் பெயரோடு ஒரு சிறு மறைகோப்பை வேர்ட் அதே இடத்தில் உண்டாக்கி வைக்கும். மக்ரோ அதனையும் கட்டுரையென்று கருதித் திறக்க முயன்று பிழைபடும். அவ்விரு குறிகளோடு தொடங்கும் பெயர்களைத் தவிர்க்குமாறு ஒரு வரி எழுதிக்கொள்க.

கட்டுரைகளின் வரிசையை மலர்க்குழுவே வகுக்க வேண்டியிருப்பின், கோப்புப் பெயர்களை மக்ரோவினுள் எழுதாது ஒரு வேர்ட் அட்டவணையில் எழுதி, மக்ரோவை அதிலிருந்து படிக்கச் செய்தல் நன்று. ஆனால் அட்டவணைக் கட்டம் ஒன்றின் உரையைக் கேட்டால், பெயரோடு கட்டத்தின் முடிவைக் காட்டும் குறிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றின் எண்கள் 13, 7. இறுப்பிட்டியின் நீளம் பதினொன்றாதற்குப் பதிலாகப் பதின்மூன்று என்று கணினி கூறினால் இதுவே காரணம். ஈற்றிலுள்ள இரண்டையும் களைந்த பின்னரே பெயரைப் பயன்படுத்தல் வேண்டும்.

இனி, தமிழாசிரியர்க்கு மிகவும் உவப்பான பகுதிக்கு வருகின்றோம். பெயர் கெடவுமில்லை, கோப்பு இல்லாமலுமில்லை, ஆயினும் திறவாமை. ஔவையார் என்று பெயரிட்ட கோப்பை எண்ணிப் பாருங்கள். முதலெழுத்தை ஔகாரமாகவே இடுவோர் சிலர். ஒகரத்தை இட்டு அதன் பக்கத்தில் ளகரத்தை இடுவோர் பலர். ஒளவையார் என்று அஃது அமையும். படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு முன்னையது 2964 என்னும் எண்ணிலே தொடங்கும் ஏழெழுத்துப் பெயர். பின்னையது 2962 இலே தொடங்கும் எட்டெழுத்துப் பெயர். பட்டியலில் ஒருவகையாகவும் கோப்பில் மற்றொரு வகையாகவும் இருந்தால் திறவாது.

ஔகாரத்திலாவது கூர்ந்து நோக்கினால் வேறுபாடு தெரியும். ஓகாரக் குறியில் அதுவுந் தெரியாது. தோணி என்னும் சொல்லில் வரும் ஓகாரக் குறியைக் கணினி ஒரே குறியாகப் பதிதலும் உண்டு. இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகப் பிரித்துப் பதிதலும் உண்டு. ஒருங்குறி இவ்விரண்டையும் சமமென்றே வகுத்துள்ளது. விண்டோஸின் கோப்பு முறையோ அச்சமத்தைப் பாராட்டுவதில்லை. ஒரே கோப்புறையில் தோணி என்று இரண்டு கோப்புகள் பக்கம்பக்கமாகக் கிடத்தற்கும் இடமுண்டு. அப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை எப்பெயரையும் பிரித்தே பதிவது. அங்கிருந்து வருங் கோப்புகளிலே இவ்விடர் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

ஏட்டுச் சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது; ரகரத்துக்கும் காலுக்கும் வடிவ வேறுபாடும் இல்லை. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் இடம்நோக்கி, பொருள்நோக்கி, யாப்புநோக்கி எழுத்தைத் துணிந்தனர். ஒரு வடிவை இரண்டாகப் படித்த காலம் அது. இன்று ஒன்றாகத் தோன்றுவதைக் கணினி இரண்டாகப் படிக்கின்றது. பொருள்நோக்கித் துணிய அதற்குத் தெரியாது. ஆதலின் பெயர்களை அட்டவணையிலே கையால் எழுதுவதைத் தவிர்த்து, கோப்புறையிலிருந்தே மக்ரோ எடுத்து அட்டவணையை நிரப்புமாறு செய்து, பின் வரிசையை மட்டும் நாம் மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது.

பாமினி எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். ஈழத்தவரிடையே ஒருங்குறி பரவுமுன் பெருவழக்காயிருந்ததும், முதியோர் பலரிடம் இன்றும் வழங்குவதுமான இவ்வெழுத்துருவில், உள்ளே கிடப்பன ஆங்கில எழுத்துக்களே. தோற்றம் மட்டுமே தமிழ். அம்மா என்று தோன்றுவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். கட்டுரையின் தலைப்பையே கோப்புக்குப் பெயராக்கும் மக்ரோக்கள் இதனால் விந்தையான முறையில் இடறும். பாமினியில் இகரம் காற்புள்ளியின் இடத்தில் உள்ளது. கோப்புப் பெயரிலே காற்புள்ளி வரலாம். ஈகாரமோ சிறிதெனக் காட்டும் கோணக்குறியின் இடத்தில் உள்ளது. விண்டோஸ் கோப்புப் பெயரில் விலக்கிய ஒன்பது குறிகளுள் அஃது ஒன்று. எனவே இறுப்பிட்டி என்று தொடங்கும் தலைப்பு தடையின்றிச் செல்லும். ஈழநாடு என்று தொடங்குந் தலைப்பு தகாத பெயரென்று தள்ளப்படும்! காரணம் அறியாதார் இதிலே அரசியலைத் தேடவுங் கூடும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் பின் பெயரிடுதலே தீர்வு.

இப்பொழுது, முதலிலே குறிப்பிட்ட பெருங்கேட்டைக் கூறுவோம். ஒன் எரர் ரிசியூம் நெக்ஸ்ட் என்று ஒரு கட்டளை உண்டு. பிழை நேரினும் பொருட்படுத்தாது அடுத்த வரிக்குச் செல்க என்பது அதன் பொருள். இவ்வொரு வரியை மக்ரோவின் தலையில் எழுதிவிட்டால் எண் ஒன்றுந் தோன்றாது. வேலை தடையின்றி முடிந்தது போலக் காணப்படும்.

எமது ஊர்ப்பக்கத்து வாசிகசாலை ஒன்றின் மலர் தொகுக்கப்பட்டபோது நேர்ந்தது இது. வெளிநாட்டிலுள்ள இளைஞர் ஒருவர் நல்லெண்ணத்தோடு மக்ரோ எழுதி உதவினார். அட்டவணையில் உள்ள எழுத்தாளர் பெயரைத் தலைப்பாக இட்டு, அதன் கீழே அவருடைய கோப்பைத் திறந்து உரையைச் சேர்ப்பது அதன் வேலை. மேற்கூறிய வரியும் அதிலிருந்தது. 38 தலைப்புகள், 38 கட்டுரைகள். மெய்ப்புப் பார்க்க எமக்கும் ஒரு படி தரப்பட்டது. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே தாம்போதி அமையுமுன் மக்கள் கடல் கடந்த வகையைப் பற்றி முதிய ஆசிரியர் ஒருவர் எழுதியதாக ஒரு கட்டுரை இருக்கவேண்டிய இடத்திலே, அவர் பெயரின் கீழ், முந்திய பக்கங்களில் வந்த விளையாட்டுப் போட்டி முடிவுகளே மறுபடியுங் கிடந்தன. அவருடைய கோப்பின் பெயர் தோணி. பேரன் அப்பிள் கணினியில் தட்டெழுதி அனுப்பியது. பெயர் பொருந்தாமையால் கோப்பு திறக்கவில்லை, பிழையெண் மறைக்கப்பட்டது, மக்ரோவின் கையிலே முன்னர்த் திறந்த ஆவணமே இருந்தமையால் அதனையே மறுமுறை ஒட்டிவிட்டு அடுத்ததற்குச் சென்றது. எண்ணிக்கை பிசகாமையாற் குழுவினர் எவர்க்கும் ஐயம் எழவில்லை. அம்முதியவர் அதற்கு முந்திய மாதத்திலே காலமாகிவிட்டார். கோப்பு கோப்புறையிற் கெடாது கிடந்தமையால் கட்டுரை மலரில் ஏறியது. மெய்ப்பை மேலோட்டமாகப் பார்த்திருப்பின் அவருடைய சொற்கள் அச்சேறாமலே போயிருக்கும், அவர் எழுதாதது அவர் பெயரால் நின்றிருக்கும்.

இக்கட்டளையை முற்றாக விலக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. நூறு கோப்புகளுக்கு நடுவே ஒன்று திறவாதபோது வேலை முழுவதும் நின்றுவிடாதிருக்க இது வேண்டப்படும். ஆயின் திறக்குங் கட்டளைக்கு முந்திய வரியில் அதனை இட்டு, அடுத்த வரியிலேயே பிழையெண் சுழியா என்று நோக்கி, அன்றெனின் எண்ணையும் கோப்பின் பெயரையும் ஒரு தனி ஆவணத்திற் குறித்துவைத்து, உடனே அக்கட்டளையை நீக்கிவிடல் வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் திறக்குமுன் கையிலுள்ள ஆவணக் குறியீட்டை வெறுமையாக்குவதும் இன்றியமையாதது. வெறுங்கையோடு சென்றால் முந்தியதை ஒட்டுதற்கு வழியில்லை.

மக்ரோவே இயங்காமையையும் சிலர் கோப்புப் பிழையென மயங்குவர். வேர்ட் மக்ரோ மூலம் பரவிய நச்சுநிரல்கள் 1995 இலிருந்தே தோன்றின. 1999 மார்ச்சில் மெலிசா என்பது உலகெங்கும் மின்னஞ்சல்களை முடக்கியது. அதனால் இணையவழி வந்த கோப்புகளில் உள்ள மக்ரோக்களை 2022 முதல் வேர்ட் இயல்பாகவே தடுக்கின்றது. அனுப்பியவரை நன்கறிந்து, அவரே அனுப்பினார் என்றும் உறுதிசெய்துகொண்ட பின்னரே, கோப்பின் பண்புகள் என்னும் பகுதியிற் சென்று அத்தடையை நீக்கலாம்.

பயிற்சியாகச் செய்து பார்க்க விரும்புவோர் ஒரு புதிய கோப்புறையில் நான்கு ஆவணங்களை உண்டாக்குக: ஔகாரத்தோடு ஔவை, ஒகர ளகரத்தோடு ஒளவை, இறுப்பிட்டி, ஆங்கில எழுத்தில் ஏதேனும் ஒரு பெயர். டிர் கட்டளையால் ஒருமுறையும் ஃபைல் சிஸ்டம் ஒப்ஜெக்ட் கருவியால் ஒருமுறையும் பெயர்களைப் பெற்று, ஒவ்வொன்றின் நீளத்தையும் முதலெழுத்தின் எண்ணையும் வேறோர் ஆவணத்தில் எழுதச் செய்க. முதன்முறை 63 எத்தனை இடங்களில் வருகின்றது என்றும், மறுமுறை இரண்டு ஔவையும் நீளத்தால் எவ்வளவு வேறுபடுகின்றன என்றும் காண்க. பின்னர் இறுப்பிட்டி என்னும் ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டே இரண்டாவது மக்ரோவை மறுபடி இயக்கினால், கோப்புறையில் நான்கு ஆவணங்களே உள்ளவிடத்து ஐந்து பெயர்கள் வரும். அந்த ஐந்தாவதன் முதலிரண்டு குறிகளைப் பார்க்க.